பிளாஸ்டிக்குக்குள் போன பத்து டொலர்

கனடாவில், கெபெக்கில், பார்க்-எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. குப்பை எடுப்பேன், படி கூட்டுவேன், பனி வழிப்பேன். குழாய் ஒழுகினால் திருத்துவேன். பதினேழு வருடமாக இதுதான். நானும் மனைவியும் அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். அவள் ஒரு கார்தெரியில், குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிறாள்.

எங்களுக்கு நேர் மேலே வயதான கெபெக் பெண் ஒருவர் இருந்தார். மதாம் என்றுதான் கூப்பிடுவோம். எண்பத்து நான்கு வயது. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஒரு அக்கா மட்டும் உயிரோடு இருந்தார். அக்கா நகரின் ஓரத்தில், இல்-பிசார் தீவில், ஒரு முதியோர் இல்லத்தில். அக்காவுக்கு ஞாபகம் குறைந்துகொண்டே போனது.

இரண்டு வருடத்துக்கு முன் மாசி மாதம், மதாமின் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று மேலே போனேன். திருத்தி முடித்ததும் உட்காரச் சொன்னார். அவர் பேசுவது பிரெஞ்சு, என்னை மிஸ்யூ, அதாவது ஐயா, என்பார். நான் இங்கே எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"மிஸ்யூ, அக்கான்ர பக்கத்து அறை சித்திரையில காலியாகுதாம். எனக்கெண்டு ஒரு மாதம் வச்சிருப்பினமாம்."

"நல்லம்தானே மதாம்."

"என்ர பென்ஷன் காணாது. சேமிப்பையும் போட்டு இரண்டு வருசத்துக்குக் கணக்குப் பார்த்தன். ஏழாயிரம் குறையுது."

"இரண்டு வருசத்துக்குப் பிறகு?"

"இரண்டு வருசம் போதும். அதுக்குப் பிறகு அவளுக்கு நான் ஆரெண்டு தெரியாது."

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் ஹீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தேவாலயத்துப் பழைய பூசைப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். அதற்குள் ஒரு தாள் இருந்தது. பத்து டொலர், அமெரிக்கக் காசு. இப்போதைய தாளைவிட நீளம், அகலம். முன்பக்கம் கறுப்பு மையில் படமும் எழுத்தும், ஒரு பழுப்பு முத்திரையும். நடுவில் ஒரு வங்கியின் பெயர், ஓர் ஊரின் பெயர். கீழே இரண்டு பேர் பேனையால் போட்ட கையெழுத்து. பின்பக்கம் பழுப்புப் பின்னல் வேலை, நடுவில் பச்சையில் பெரிய எண்கள். நடுமடிப்பில் கீழே சிறிது கிழிந்திருந்தது, ஒரு அரிசி நீளத்துக்கு.

அது அவருடைய தாத்தாவின் காசு. தாத்தா இளம் வயதில் கெபெக்கில் நிலம் விளையாமல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பருத்தி ஆலைக்கு வேலைக்குப் போனவர். மூன்று வருடம் நூல் தூசி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். கடைசிச் சம்பளத்தில் புதுத் தாள் ஒன்றை மட்டும் செலவழிக்கவில்லை. மறுபடி விளையாமல் போனால் ஆலைக்குத் திரும்ப ரயில் காசு என்று பூசைப் புத்தகத்துக்குள் வைத்தார். பத்து வருடம் உருளைக்கிழங்கு மட்டும் சாப்பிட்டார்கள். அதைத் தொடவில்லை. சாகும்போது மனைவியிடம், "பார், நான் திரும்பிப் போகேல்லை" என்றாராம்.

இந்தக் கதையைச் சின்ன வயதில் அக்காதான் தனக்குச் சொல்வாள் என்றார் மதாம். தன்னைவிட அவள் நன்றாகச் சொல்வாள் என்றார்.

இப்படியான தாள்களுக்கு நல்ல விலை என்று தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். நகரத்தில் பழைய காசு வாங்கும் கடை ஒன்று இருந்தது. படியேற வேண்டிய கடை. அவரால் முடியாது. நான் போவேனா என்று கேட்டார். ஓம் என்றேன்.

முதலில் தாளை வெளியே விட அவருக்கு மனமில்லை. தொலைபேசியில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் என் வயதுக்காரர், ஒல்லி, கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார். பத்து டொலர் என்பதையோ, தாளில் அச்சடித்த படத்தையோ பார்க்கவில்லை. நேரே ஊரின் பெயருக்கும் பின்பக்கத்துப் பச்சை எண்ணுக்கும் போனார். தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து விரலால் தேடினார். பிறகு எனக்குக் கதிரை போட்டார். அதுவரை நான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் சின்ன ஊர் வங்கிகளும் தங்கள் பெயரில் காசு வெளியிட்டனவாம். அரசாங்கம் அச்சடித்துக் கொடுக்கும். ஒவ்வொரு வங்கிக்கும் அனுமதி எண் ஒன்று, அதுதான் அந்தப் பச்சை எண். ஊர் வங்கித் தலைவரும் காசாளரும் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டால்தான் அது காசு. அவர் மேசை லாச்சியைத் திறந்து இரண்டு தாள் எடுத்து மேலே வைத்தார். ஒரே படம், ஒரே பழுப்பு முத்திரை, ஒரே பத்து டொலர்.

"இது பெரிய நகரத்து வங்கி. கனக்கத் தாள் கிடக்கு. அதால விலை குறைவு. மற்றது ஒரு கிராமத்து வங்கி. இதின்ர விலை அதைப் போல பத்து மடங்கு."

"கிராமத்துத்தான் பழசோ?"

"இல்லை, அதுதான் புதுசு. வயசைப் பார்த்து விலை இல்லை மிஸ்யூ. எந்த ஊர், அந்த ஊர்த் தாள் எத்தினை மிச்சம் இருக்கு, அதுதான் விலை."

எங்கள் தமிழ் ஆட்களும் புதிதாக ஒருவரைக் கண்டால் முதல் கேட்பது எந்த ஊர் என்றுதான். அது எனக்கு உடனே விளங்கியது.

மதாமின் தாளில் இருந்த ஊர் மிகச் சின்னதாம். ஆலை மூடியதும் வங்கியும் மூடிவிட்டதாம். அந்தப் பெயரில் இன்று இருக்கும் தாள்களை ஒரு கை விரல் விட்டு எண்ணலாம் என்றார். கையெழுத்து பேனை மை. பல தாள்களில் அது மங்கி அழிந்துபோகும், இதில் நிற்கிறது என்றார். நேரில் பார்க்காமல் விலை சொல்ல மாட்டேன் என்றவர், பிறகு தானே சொன்னார், எட்டாயிரத்துக்குக் குறையாது என்று.

"கவனமாக் கொண்டு வாங்கோ. அந்த மடிப்புக் கிழிவு பெருக்கக் கூடாது. நடுவால போச்செண்டா விலை பாதி."

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொன்னார்.

மதாமிடம் போய்ச் சொன்னேன். எழும்பிப் போய்க் கேத்தலை வைத்தார். தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார். நான்தான் அடுப்பை நிற்பாட்டினேன்.

இனி எழுதுவதற்கு முன் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். என் ஊர் இலங்கையில் மன்னார். பதினெட்டு வயதில் சண்டைக்குத் தப்பி வள்ளத்தில் ராமேஸ்வரம் போனேன். நடுக்கடலில் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறியது. இடுப்பில் கட்டியிருந்த பொலித்தீன் பைக்குள் என் பிறப்புச் சான்றிதழ். கரையில் அவிழ்த்துப் பார்த்தால் கூழ். பிறகு கனடாவில் அகதி விசாரணையில் நான் நான்தான் என்று காட்ட ஒரு தாள் இல்லை. வழக்கு நான்கு வருடம் இழுத்தது. அதற்குள் ஊரில் அம்மா போய்விட்டா. பிரயாணப் பத்திரம் இல்லாமல் நான் செத்தவீட்டுக்குப் போகவில்லை.

கோயில் மூலமாக ஊரிலிருந்து புதுச் சான்றிதழ் வந்த அன்றே அதைப் பிளாஸ்டிக்கில் போட்டேன். ஞானஸ்நானப் பத்திரம், கலியாணப் பத்திரம், கனடாவில் முதல் கிடைத்த கடிதம், எல்லாம் போட்டேன். எங்கள் ஆட்கள் பல பேரின் வீட்டில் இப்படித்தான். தாள் முக்கியம் என்றால் பிளாஸ்டிக். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

புதன்கிழமை பின்னேரம் மதாம் தாளைப் பூசைப் புத்தகத்தோடு என்னிடம் தந்தார். அடுத்த நாள் உறைமழை என்று வானொலி சொன்னது. பஸ் நெரிசல், ஈரம், கிழிவு. எல்லாம் நினைத்தேன். ஜான்-டலோன் தெருவில் எங்கள் ஆள் ஒருவரின் போட்டோக் கொப்பிக் கடைக்கு நடந்தேன். செத்தவர்களின் முப்பத்தோராம் நாள் நினைவு அட்டை, பிள்ளைகளின் முதல் நன்மைப் படம், கடை லைசன்ஸ் எல்லாம் அங்கேதான் லமினேட் செய்வோம்.

கடைக்காரத் தம்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாற்பது வயதாகியும் எல்லாருக்கும் அவன் தம்பிதான்.

"என்ன அண்ணை, விளையாட்டுக் காசோ?"

"உண்மைக் காசு. கவனம்."

"ஒரு கொப்பி அடிச்சு அதை லமினேட் பண்ணட்டோ?"

"கொப்பியை என்னத்துக்கு? ஒறிஜினலைப் போடு."

"அதுவும் சரிதான். கனடாக் காசு எல்லாம் பிளாஸ்டிக்கா மாறிட்டுது, அமெரிக்கன்தான் இன்னும் கடுதாசியில நிக்கிறான். நாங்கள் திருத்திக் குடுப்பம்."

சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது. பையில் கிடந்த இருபது டொலர் வழுவழுவென்று இருந்தது. காசைப் பிளாஸ்டிக்கில் செய்வது அரசாங்கமே செய்கிற வேலை.

மிஷின் சூடாக இரண்டு நிமிடம். தாள் ஒரு பக்கத்தால் போய் மற்றப் பக்கத்தால் வந்தது. தட்டையாக, பளபளப்பாக. கிழிவு மூடிக்கொண்டது. கிட்டப் பிடித்துப் பார்த்தாலும் தெரியவில்லை. நல்ல வேலை செய்தோம் என்று நினைத்தேன்.

"காசு வேண்டாம் அண்ணை," என்றான். "வித்தா ஒரு கோப்பி வாங்கித் தாங்கோ."

வியாழக்கிழமை பழைய காசுக் கடைக்காரர் முன் பூசைப் புத்தகத்தைத் திறந்து வைத்தேன். அவர் கை பாதியில் நின்றது. பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. தாளின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டார். அவ்வளவுதான்.

"இதை ஆர் செய்தது?"

"நான்."

"எப்ப?"

"நேற்று."

"ஏன்?"

"கிழியக் கூடாதெண்டு சொன்னீங்கள்."

அவர் கதிரையில் சாய்ந்து கண்ணைப் பொத்திக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பிறகு சொன்னார். பழைய காசு சேர்க்கிறவர்கள் வாங்குவது தாளை. அதைத் தொட்டு, வெளிச்சத்தில் பிடித்து, நூலிழை பார்த்து, மை பார்த்து வாங்குவார்கள். கழுவிய தாளும் இஸ்திரி போட்ட தாளும்கூட விலை இறங்கும். இது சூட்டில் உருகிய பசை. தாளுக்குள் இறங்கிவிட்டது.

"கழட்டேலாதோ?"

"பிளாஸ்டிக்கை இழுத்தா மேல் தோலும் வரும். முதல்ல வாறது கையெழுத்து."

ஒரு துண்டில் இரண்டு தொகை எழுதினார். மேலே எட்டாயிரத்து ஐந்நூறு. கீழே முந்நூறு. மேலே எழுதியதைக் கோடு போட்டு வெட்டினார். கீழே உள்ளதும் ஆசைக்கு வாங்கும் ஆள் வந்தால்தான் என்றார். தான் வாங்கவில்லை என்றார்.

நான் புத்தகத்தை மூடினேன். மெர்சி என்று நன்றி சொன்னேன். 

நேரே தம்பியின் கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் செத்துப்போனது.

"அண்ணை, நான் கேட்டனான் எல்லே, கொப்பி அடிக்கட்டோ எண்டு."

"கேட்டனி. உன்னைச் சொல்லேல்லை. எடுக்க வழி இருக்கோ?"

அவன் மிஷினைப் பார்த்தான்.

"இது போடும் அண்ணை. எடுக்காது."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்களையும் ஒரு நாளைக்கு லமினேட் பண்ணிச் சுவரில கொழுவவேணும்," என்றாள். "கலியாணப் பத்திரத்தை இரண்டு தரம் போட்ட மனிசன்."

 அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியை வைத்தாள்.

என்னிடம் பழைய இலங்கை இருபது ரூபாய்த் தாள் ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு திரும்பத் தம்பியிடம் போனேன். அதே பிளாஸ்டிக்கில், அதே சூட்டில் போடச் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து முதலில் ஃபிரீசரில் வைத்தோம். ஒரு மணித்தியாலம். மூலையைப் பிரிக்க நகம் ஏறவில்லை. பிறகு மனைவி தலைமயிர் காயவைக்கும் மிஷினைக் கொண்டுவந்தாள். சூடு காட்டக் காட்ட மூலை கொஞ்சம் கிளம்பியது. அவள் பிடித்துக்கொள்ள, நான் மெல்ல இழுத்தேன். பிளாஸ்டிக் வந்தது. அதோடு எண்ணும் எழுத்தும் தோலாக உரிந்து வந்தன. கையில் மிஞ்சியது வெள்ளைப் பஞ்சு.

அவள் மிஷினை நிற்பாட்டினாள்.

"அதைத் தொடாதேங்கோ," என்றாள். மதாமின் தாளைத்தான் சொன்னாள்.

"தொடேல்லை."

"போய்ச் சொல்லுங்கோ."

"பேந்து சொல்லுறன்."

"பேந்து எண்டா எப்ப?"

வெள்ளிக்கிழமை படி கூட்டும்போது மதாம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கடைக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டார். இன்னும் பார்க்கிறார் என்றேன். அது பொய். அவர் நல்லது என்று தலையாட்டினார். அவர் பின்னால் நடையில் மட்டைப் பெட்டிகள் இருந்தன. முந்தின கிழமை அவர் கேட்டு ஜான்-டலோன் சந்தையிலிருந்து நான் எடுத்துவந்து கொடுத்த ஆப்பிள் பெட்டிகள். இரண்டில் ஏற்கெனவே சாமான் கட்டியிருந்தார். ஒன்றின் மேல் அக்காவின் பெயர் எழுதியிருந்தது.

அன்று நான் மூன்றாம் மாடி வரை கூட்டவில்லை.

சனிக்கிழமை காலை மனைவி சேர்ட்டை எடுத்து வைத்தாள்.

"நானும் வரட்டோ? உங்கட பிரெஞ்சில நீங்கள் சொன்னா அவ காசு கிடைச்சிட்டுது எண்டு நினைப்பா."

"வேண்டாம். நான் செய்தது."

மேலே போனேன். புத்தகத்தை மேசையில் வைத்துத் திறந்தேன். நடந்ததைச் சொன்னேன். வள்ளத்தைப் பற்றியோ சான்றிதழைப் பற்றியோ சொல்லவில்லை. அது அவருக்கு எதற்கு. லமினேட் செய்தேன், விலை போய்விட்டது, எடுக்க முடியாது. மூன்றும்தான் சொன்னேன்.

மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைக் கையில் எடுத்தார். வளைத்துப் பார்த்தார். அது வளைந்து நிமிர்ந்தது.

"எவ்வளவு மிச்சம்?"

"முந்நூறு. அதுவும் தெரியாது."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. என்னிடம் இரண்டாயிரத்து நூறு இருந்தது. உறையில் போட்டுக் கொண்டு போயிருந்தேன். மேசையில் வைத்தேன். அவர் அதை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

"இது காணாது மிஸ்யூ."

"தெரியும்."

"அப்ப எடுங்கோ."

பிறகு தொலைபேசியை எடுத்தார். இல்-பிசாருக்கு அடித்தார். நான் எழும்பிப் போயிருக்க வேண்டும். இருந்து கேட்டேன். அவர் சொன்னது கொஞ்சம்தான். அறை வேண்டாம். இல்லை, யோசிக்கத் தேவையில்லை. ஓம், வேறு ஆளுக்குக் கொடுங்கள். மெர்சி. தொலைபேசியை வைத்துவிட்டுப் பெட்டிகளைப் பார்த்தார்.

"அதுகளைப் பேந்து அவிழ்க்கலாம்," என்றார்.

அடுத்த ஞாயிறு நான் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து மதாமின் கதவைத் தட்டினேன். அக்காவிடம் போக வேண்டுமென்றால் நான் கூட வருகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போனோம். இரண்டு மெட்ரோ, இரண்டு பஸ். இல்-பிசாரில் ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. ஒன்றை விட்டால் பாலத்தடியில் நிற்க வேண்டும். மதாம் ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். வழியில் அதிகம் கதைக்க மாட்டோம்.

முதல் மாதங்களில் அக்காவுக்குத் தங்கையைத் தெரிந்தது. கண்டவுடன் கேட்பார்.

"நீ எப்ப பக்கத்து அறைக்கு வாறாய்?"

"அடுத்த கிழமை," என்பார் மதாம்.

அடுத்த கிழமையும் அதே கேள்வி, அதே பதில். பக்கத்து அறைக்கு ஒரு ஆண் வந்துவிட்டார். அவருடைய தொலைக்காட்சிச் சத்தம் சுவரால் கேட்கும். நான் யன்னல் பக்கம் திரும்பி நிற்பேன்.

கோடை வந்தது. அக்காவுக்குத் தாள்களைக் கிழிக்கும் பழக்கம் தொடங்கியது. கலண்டர், கைதுடைக்கும் தாள், படங்கள், கையில் எது கிடைத்தாலும் சின்னச் சின்னதாக. தாயின் படம் ஒன்றையும் கிழித்துவிட்டார். தாதிகள் அறையிலிருந்து தாள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். கை சும்மா இருக்காமல் போர்வை நூலைப் பிடுங்கியது.

ஒரு ஞாயிறு மதாம் கைப்பையிலிருந்து அந்தப் பத்து டொலரை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். அதைக் கொண்டுவருவதாக முன்பே என்னிடம் சொல்லியிருக்கவில்லை. அக்கா கிழிக்கப் பார்த்தார். வரவில்லை. பல்லால் கடித்தார். வரவில்லை. பிறகு விட்டுவிட்டு அதைத் தடவிக்கொண்டிருந்தார். மதாம் என் பக்கம் பார்க்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் கொண்டுவந்தார்.

இரண்டு வருடம் என்று மதாம் போட்ட கணக்கும் பிழையாகப் போய்விட்டது. அந்த வருடம் ஐப்பசியிலேயே அது நடந்தது. நாங்கள் உள்ளே போனபோது அக்கா கதிரையில் இருந்தார். தங்கையைப் பார்த்து, தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல் மரியாதையாக, "வணக்கம் மதாம், இருங்கோ," என்றார். பக்கத்து அறை பற்றிக் கேட்கவில்லை. மதாம் உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்து தாளைக் கொடுத்தார். 

அக்கா அதைத் திருப்பிப் பார்த்தார். பச்சை எண்ணை விரலால் தொட்டார். கையெழுத்தைத் தொட்டார். முகம் தெளிந்தது.

"இது எங்கட தாத்தான்ர," என்றார். "உங்களுக்கு இந்தக் கதை தெரியாது, என்ன மதாம்?"

"தெரியாது," என்றார் மதாம்.

அக்கா சொல்லத் தொடங்கினார். நிலம், ஆலை, நூல் தூசி, ரயில் காசு. ஒன்றும் தவறவில்லை. பத்து வருட உருளைக்கிழங்கு வந்த இடத்தில் சிரித்தார். மதாம் சொன்னது சரி, அக்காதான் நன்றாகச் சொன்னார்.

"என்ர தங்கச்சிக்கு இது நல்ல விருப்பம்," என்றார் அக்கா. "அவள் வந்தாக் கேளுங்கோ. அடுத்த கிழமை வருவாள்."

"கேக்கிறன்," என்றார் மதாம்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஹொக்கி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மதாம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவருடைய கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலடியில் நின்றேன். பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.